பூனை குந்திகினு கீது

யூகேஜி வகுப்பறையில் பெற்றோருக்கென்று தனி நாற்காலி கிடையாது. குழந்தைகள் உட்காரும் மஞ்சள் பிளாஸ்டிக் நாற்காலியில்தான் நாமும் உட்கார வேண்டும். முழங்கால் தாடையைத் தொடும். அப்படி உட்கார்ந்திருப்பவளிடம் எதைச் சொன்னாலும் தலையாட்டிவிடுவாள் என்பதற்காகவே இந்த ஏற்பாடோ என்று எனக்கு இன்றும் சந்தேகம் உண்டு.

எதிரே பெரியவர்கள் நாற்காலியில் கோஆர்டினேட்டர் மேடம். பக்கத்தில் தமிழ் மிஸ். மிஸ் கையில் ஒரு பட அட்டை. அதில் ஒரு மேஜை, மேஜைக்குக் கீழே ஒரு வெள்ளைப் பூனை. மூலையில் என் மகள் தாரிணி கட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். மழை பெய்து விட்டிருந்ததால் அறை முழுவதும் ஈர சாக்ஸ் வாசனை.

"பூனை எங்கே இருக்கிறதுன்னு கேட்டேன் மேடம். எல்லாக் குழந்தைங்களும் 'மேஜைக்குக் கீழே இருக்கிறது'ன்னு சொன்னாங்க. உங்க டாட்டர் மட்டும்..." தமிழ் மிஸ் பாதியில் நிறுத்திவிட்டார். அதை வாயால் சொல்ல அவருக்குக் கூச்சம்.

"சொல்லுங்க மிஸ், பரவால்ல" என்றார் கோஆர்டினேட்டர்.

"'மேஜைக்கு அடில குந்திகினு கீது மிஸ்'னு சொன்னா மேடம். கிளாஸே சிரிச்சிருச்சு."

எனக்கும் சிரிப்பு வந்தது. கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. மற்றக் குழந்தைகள் பூனை எங்கே என்று மட்டும்தான் சொல்லியிருந்தார்கள். என் மகள் அது அங்கே என்ன செய்துகொண்டிருக்கிறது என்பதையும் கேட்காமலே சேர்த்துச் சொல்லியிருந்தாள்.

"ஆன்ஸர் கரெக்ட்தானே மேடம்?" என்றேன்.

"ஆன்ஸர் பிரச்சினை இல்ல. லாங்குவேஜ்தான் பிரச்சினை. இது லோக்கல் லாங்குவேஜ். வீட்ல யார்கூடப் பழகுறான்னு கொஞ்சம் பாத்துக்கோங்க. இந்த வயசுல டக்குனு ஒட்டிக்கும்."

ஒட்டிக்கும் என்றார். சொறி சிரங்கைப் பற்றிச் சொல்கிற தொனியில்.

பிறகு, "உங்க நேட்டிவ் எது மேடம்?" என்று கேட்டார். பெரம்பலூர் என்றேன். "அதானே பார்த்தேன், நீங்க டீசண்டா பேசுறீங்க" என்றார். தாரிணியைக் கூப்பிட்டுக் கன்னத்தைத் தட்டி, "குட் கேர்ள்ஸ் லோக்கல் வேர்ட்ஸ் பேச மாட்டாங்க, ஓகே?" என்றார். தாரிணி என்னைப் பார்த்தாள். கையில் இருந்த கட்டையைக் கீழே வைத்தாள்.

ஏன் அங்கே இருக்கிறீர்கள்?

தண்ணீர் லாரிக்காகக் காத்திருந்த கதையைச் சென்ற வாரம் இந்தப் பத்தியில் எழுதியதும், சில வாசகர்கள் அக்கறையோடு கேட்டிருந்தார்கள்: சின்னக் குழந்தையை வைத்துக்கொண்டு ஏன் அந்த அவதி, பேசாமல் சொந்த ஊருக்கே போய்விடலாமே என்று. நல்ல மனதோடுதான் கேட்டிருப்பார்கள். ஆனாலும் எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. இந்தக் கேள்வியோடு ஒரு வருடம் முழுக்க மல்லுக்கட்டியவள் நான்.

அந்த வருடம்தான் நாங்கள் முடிவெடுக்க வேண்டியிருந்தது. தாரிணி எங்கே வளர்வது, சென்னையை ஒட்டிய இந்தச் சேலையூரிலா, எங்கள் ஊரான பெரம்பலூரிலா? என் கணவர் செந்தில் ஒரகடம் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறார். பெரம்பலூருக்கு அருகே ஒரு நிறுவனத்திலிருந்து அவருக்கு அழைப்பு வந்திருந்தது. தாரிணியை ஒன்றாம் வகுப்பில் சேர்க்கும் முன் பதில் சொல்லியாக வேண்டும். ஒன்றாம் வகுப்பில் ஓரிடத்தில் வேர் பிடித்துவிட்டால் பிறகு பிடுங்கி நடுவது கஷ்டம் என்று எல்லோரும் சொன்னார்கள்.

எல்லோரும் என்றால் உண்மையிலேயே எல்லோரும். பெண் பார்க்கும்போதுகூட இவ்வளவு பேர் யோசனை சொல்லவில்லை. நகரம்தான் வேண்டும் என்றவர்கள் 'எக்ஸ்போஷர்' என்ற ஒரு சொல்லை வைத்திருந்தார்கள். ஊர்தான் நல்லது என்றவர்கள் 'நல்ல காத்து' என்ற சொல்லை வைத்திருந்தார்கள். இரண்டு தரப்புக்கும் அதற்கு மேல் விளக்கம் சொல்லத் தெரியவில்லை. எக்ஸ்போஷர் என்றால் என்ன என்று கேட்டால் ஒரு மால் பெயரைச் சொல்வார்கள்.

செந்தில் இரு தரப்பிடமும் "நீங்க சொல்றதும் கரெக்ட்தான்" என்பார். அவரோடு கோபித்துக்கொள்ளவும் முடியாது, கோபிக்காமல் இருக்கவும் முடியாது.

தேவகி அக்கா

நாங்கள் குடியிருந்தது கேம்ப் ரோட்டிலிருந்து உள்ளே போகும் ஒரு தெருவில், மாடி வீட்டில். இப்போதும் அங்கேதான். கீழே வீட்டுக்காரர் தேவகி அக்கா. நாற்பத்தைந்து வயதிருக்கும். அவர் கணவருக்கு மெயின் ரோட்டில் ஹார்டுவேர் கடை. பரம்பரையாக இந்த மண்ணில் நெல் பயிரிட்ட குடும்பம். வயல்கள் மனைகளான பிறகு கடையும் வாடகையுமாகப் பிழைப்பு மாறிவிட்டது.

தேவகி அக்காவுக்குக் குரலைத் தாழ்த்திப் பேசத் தெரியாது. தண்ணீர் லாரிக்காரர் குழாயைச் சீக்கிரம் உருவினால் தெருமுனை வரைக்கும் கேட்கும்: "இன்னா அவசரம் உனக்கு? இன்னும் தொட்டியே ரொம்பல, இஸ்துகினு ஓடுறியே!" அந்தக் குரலுக்குப் பயந்துதான் எங்கள் தெருவுக்கு ஒழுங்காகத் தண்ணீர் வந்தது.

நான் தாம்பரத்தில் ஒரு கண்ணாடிக் கடையில் கண் பரிசோதனை செய்கிறேன். வேலை முடிந்து வீடு வர ஆறு மணியாகும். பள்ளி வேன் மதியமே தாரிணியை இறக்கிவிட்டுப் போய்விடும். டே கேர் ஒன்றைப் பார்த்துவிட்டு வந்து படியில் யோசித்துக்கொண்டு நின்றபோது, "எதுக்கு அங்கெல்லாம்? நான் இன்னா ஊர்லயா இல்ல? இங்க வுடு புள்ளைய" என்றார் தேவகி அக்கா. அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது. சோறு ஊட்டுவார், தலைவாரி விடுவார், தெருவில் விளையாட விட்டு வாசற்படியில் உட்கார்ந்து காவல் காப்பார். என் மகள் பேச்சு கற்றதில் பாதி அந்த வாசலில்தான்.

கோஆர்டினேட்டர் மேடம் 'யார்கூடப் பழகுறா' என்று கேட்டது இந்தப் பெண்ணைப் பற்றித்தான்.

நேட்டிவும் லோக்கலும்

தாம்பரம் பக்கம் புதிதாக ஒருவரைச் சந்தித்தால் மூன்றாவது கேள்வி, "உங்க நேட்டிவ் எது?" எங்கள் கடைக்குக் கண் பார்க்க வருகிறவர்கள்கூட, இந்தக் கண்ணை மூடுங்கள், அந்தக் கண்ணைத் திறங்கள் என்பதற்கு நடுவில் என் நேட்டிவைக் கேட்டுவிடுவார்கள். முப்பது வருடமாகச் சேலையூரிலேயே இருப்பவருக்கும் தூரத்தில் ஒரு நேட்டிவ் இருக்கும். அதைச் சொல்லும்போது முகத்தில் ஒரு களை வரும்.

ஒருமுறை பொங்கலுக்கு நாங்கள் மூட்டை கட்டிக்கொண்டிருந்தபோது தேவகி அக்காவிடம், "உங்க நேட்டிவ் எதுக்கா?" என்று பழக்கதோஷத்தில் கேட்டுவிட்டேன்.

"எங்களுக்கு இன்னா நேட்டிவ்வு? தோ, இதான்" என்று காலால் தரையைத் தட்டிக் காட்டினார். "நீங்கெல்லாம் ஊருக்குப் போனப்புறம் ரோடு காலியா கெடக்கும். அப்ப நாங்க நடுரோட்டுல நடந்து போவோம். அதான் எங்க பொங்கலு."

வெளியூரிலிருந்து வந்தவர்களுக்கு நேட்டிவ் உண்டு. அது கௌரவம். இந்த ஊரிலேயே பிறந்தவருக்கு அது கிடையாது, அவர் லோக்கல். அது வசவு. இங்கிலீஷில் இரண்டுக்கும் ஏறக்குறைய ஒரே அர்த்தம்தான் என்று நினைக்கிறேன். நம்மவர்கள் அதை எடுத்து ஒன்றுக்கு மாலையும் மற்றொன்றுக்குச் செருப்படியும் கொடுத்திருக்கிறார்கள். லோக்கல் பேச்சு, லோக்கல் ஆளு, லோக்கல் பசங்க. அந்தச் சொல்லுக்குள் சாதியும் தெருவும் காசும் எல்லாம் மடித்து வைத்திருப்பது எல்லோருக்கும் தெரியும். வெளியே சொல்லாமல் இருப்பதற்குத்தானே இங்கிலீஷ்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அந்தப் பள்ளிக்கூடம் நிற்கிற இடம் தேவகி அக்காவின் மாமனார் நெல் விளைவித்த வயல். வேன் நிற்குமிடத்தைக் காட்டி, "இங்கதான் எங்க பம்ப் செட் இருந்துச்சு" என்று அவர் பேச்சுவாக்கில் சொல்லியிருக்கிறார். வயல் வேண்டும், விளைவித்தவர்களின் பேச்சு மட்டும் காம்பவுண்டுக்குள் வரக்கூடாது.

நல்ல காற்று

அந்த மீட்டிங் முடிந்த கையோடு விடுமுறை வந்தது. பெரம்பலூர் போனோம். செந்திலின் அக்கா வசந்தி அண்ணி வீடு. அவர்தான் எங்களை அங்கே குடிவரச் சொல்லிக்கொண்டிருந்தவர். மாடி காலியாக இருக்கிறது, பிள்ளை நல்ல காற்றில் வளரும் என்று தினமும் போன் செய்வார்.

போன அன்று சாயங்காலம் உறவுக்காரர்கள் வந்திருந்தார்கள். தாரிணி தண்ணீர் கேட்கும்போது, "சொம்பு எங்க கீது?" என்று கேட்டுவிட்டாள். அவ்வளவுதான், கூடமே கைதட்டிச் சிரித்தது.

"ஏய் மெட்ராஸு! இன்னொரு தரம் சொல்லு! 'இன்னா'ன்னு சொல்லு பாப்போம்!"

முதலில் அவளுக்கும் வேடிக்கையாக இருந்தது. சொன்னாள். சிரித்தார்கள். மறுபடி சொல்லச் சொன்னார்கள். அண்ணியின் கணவர் போனை எடுத்து, குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடுவதற்காகப் படம் பிடிக்க ஆரம்பித்தார். "சவுண்டா சொல்லு புள்ள!" என்றார். தாரிணி போனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். உதட்டை உள்ளே மடித்துக்கொண்டாள். அதன் பிறகு எவ்வளவு கெஞ்சியும் வாயைத் திறக்கவில்லை. தண்ணீரும் கேட்கவில்லை.

"அவ என்ன வித்தை காட்டவா வந்திருக்கா?" என்றேன்.

"இதுக்கு ஏம்மா கோவப்படுற? ஒரு சிரிப்புக்குத்தானே" என்றார் அண்ணி. "அதுக்குத்தான் சொல்றேன், இங்க வந்துருங்க. நல்ல காத்து, நல்ல பேச்சு."

எனக்குத் தாங்கவில்லை. அண்ணியின் மகன் பிரணவுக்குத் தாரிணியை விட ஒரு வயதுதான் அதிகம். விடிவதற்கு முன் அவனை வேனில் ஏற்றிவிடுவார்கள். பள்ளி முடிந்தால் அபாகஸ், அது முடிந்தால் இந்தி, அது முடிந்தால் டியூஷன். விடுமுறைக்கும் ஒரு கோச்சிங் இருந்தது. அன்றும் அவன் இன்னும் வீடு திரும்பியிருக்கவில்லை, பிறகு ராத்திரிச் சாப்பாட்டு நேரத்தில்தான் பார்த்தோம். தோசையைப் பாதி தின்றுவிட்டு தட்டிலேயே தூங்கி வழிந்தான்.

"அண்ணி, பிரணவ் எப்ப வெளிய போய் விளையாடுவான்?"

"அவனுக்கு ஏது நேரம்? இப்பவே ஃபவுண்டேஷன் போட்டாத்தானே பின்னாடி நல்லது."

"அப்ப அந்த நல்ல காத்த யாரு சுவாசிக்கிறா?"

செந்தில் எதையோ தேடுகிறவர் போல எழுந்து வாசலுக்குப் போய்விட்டார். நான் அன்று பேசியது மரியாதைக் குறைவு என்று இன்றும் குடும்பத்தில் பேசப்படுகிறது. பேசட்டும். பெரம்பலூரில் தப்பில்லை. அண்ணி கெட்டவரும் இல்லை, பிள்ளைக்கு நல்லது என்று நம்பித்தான் செய்கிறார். ஆனால் ஊரும் நகரமும் பிள்ளையை வேனில் அடைத்து ஒரே இடத்துக்குத்தான் அனுப்புகின்றன. பிறகு எதற்கு எங்களை இந்தப் பக்கம் வா, அந்தப் பக்கம் வா என்று இழுக்கிறார்கள்?

சைலன்ட்

திரும்பி வந்த பிறகு தாரிணி பேசுவதைக் குறைத்துக்கொண்டாள். 'இருக்கு' சொல்வதா 'கீது' சொல்வதா என்று யோசிப்பது முகத்திலேயே தெரியும். யோசித்துவிட்டு விரலால் சுட்டிக் காட்டுவாள். பசித்தால் தட்டைக் காட்டுவாள். இரவு கதை சொல்லச் சொல்லி நச்சரிக்கிறவள், படுத்ததும் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். வாய் ஓயாத பிள்ளை அவள்.

பள்ளியில் விசாரித்தேன். தமிழ் மிஸ் மலர்ந்த முகத்தோடு, "இப்ப நல்ல இம்ப்ரூவ்மெண்ட் மேடம். ரொம்ப சைலன்ட் ஆயிட்டா" என்றார். பேருந்து நிறுத்தத்தில் நின்று அதை நினைத்து நினைத்துப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு குழந்தையின் வாயை மூடிவிட்டு அதற்கு இம்ப்ரூவ்மெண்ட் என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

ஒருநாள் மாலை வேலை முடிந்து கீழ் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றினேன். உள்ளே கருவாட்டுக் குழம்பு கொதிக்கும் வாசனை. தேவகி அக்கா கரண்டியோடு எட்டிப் பார்த்தார்.

"இன்னாம்மா, இன்னிக்கு லேட்டு? பாப்பா துன்னுட்ச்சு. தோ, டிவியாண்ட குந்திகினு கீது பாரு."

தாரிணி திரும்பினாள். எத்தனையோ நாட்களுக்குப் பிறகு அவள் வாயிலிருந்து முழு வாக்கியம் வந்தது. அதுவும் சுத்தமாக, ஒவ்வொரு சொல்லாக.

"அப்படிச் சொல்லக் கூடாது ஆண்ட்டி. அது லோக்கல் வேர்ட்."

தேவகி அக்கா சிரித்தார். "ஐய! இன்னா சொல்ற நீ?"

"'இன்னா'வும் சொல்லக் கூடாது. குட் கேர்ள்ஸ் அப்படிப் பேச மாட்டாங்க."

அக்காவின் சிரிப்பு அப்படியே நின்றது. லாரிக்காரரை ஓட ஓட விரட்டுகிற அந்த மனுஷி கரண்டியை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார். என்னைப் பார்க்கவில்லை. "சரி பாப்பா" என்றார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, தெரியாத பாடத்தை ஒப்பிக்கிறவர் மாதிரி என்னிடம் சொன்னார்:

"பாப்பா சாப்பிட்டாங்க. உக்காந்து... இருக்காங்க."

தாரிணியை அதட்டினேன். அவள் அழுதாள். அக்கா "வுடு... விடும்மா, கொழந்தைதானே" என்று அவளைத் தூக்கிக்கொண்டார். விடு என்று திருத்திக்கொண்டதைக் கேட்டபோது எனக்குக் கண் நிறைந்துவிட்டது. ஐந்து வயதுப் பிள்ளைக்கு யார் மட்டம் என்று சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். அதுவும் தனக்குச் சோறு ஊட்டுகிறவளைப் பார்த்துச் சொல்ல.

மறுபடி அந்த அறை

மறுநாள் கடைக்கு லீவு சொல்லிவிட்டுப் பள்ளிக்குப் போனேன். அதே அறை. கோஆர்டினேட்டர் மேடம் மஞ்சள் நாற்காலியைக் காட்டினார். நான் உட்காரவில்லை.

"மேடம், என் பொண்ணுக்கு டிசி வேணும்."

"ஏன் மேடம்? நேட்டிவ்க்கே ஷிஃப்ட் ஆகுறீங்களா?"

"இல்ல. இங்கேயேதான் இருக்கப் போறோம். ஸ்கூல்தான் மாத்துறோம்."

அவருக்குப் புரியவில்லை. லாங்குவேஜ் விஷயத்தையா மனதில் வைத்திருக்கிறேன் என்று கேட்டார். ஆமாம் என்றேன். "உங்க டாட்டரோட ஃபியூச்சருக்குத்தான் சொன்னோம்" என்றார்.

"அவ சொன்ன பதில் சரியா இருந்துச்சு மேடம். நீங்க அதைச் சொல்லவே இல்ல. அவளுக்குச் சோறு போடுறவங்களை அசிங்கம்னு சொல்லிக் கொடுத்தீங்க. அது மட்டும் நல்லாப் பதிஞ்சிருச்சு."

குரல் எகிறிவிட்டது. வராந்தாவில் போன ஆயா நின்று பார்த்தார். தேவகி அக்காவின் தொண்டை எனக்கும் கொஞ்சம் வந்திருந்தது போல.

செந்திலிடம் அன்று இரவு, பெரம்பலூர் வேண்டாம் என்றேன். 'நீ சொல்றதும் கரெக்ட்தான்' வரும் என்று காத்திருந்தேன். அவரோ, "எங்க அக்கா வீட்ல அவ தண்ணி கேக்காமலே தூங்கிட்டா. அதை நானும் பாத்தேன்" என்றார். மறுநாள் காலையில் அவரே அந்த நிறுவனத்துக்குப் போன் செய்து வரவில்லை என்று சொல்லிவிட்டார்.

இரண்டு தெரு தள்ளி ஒரு சின்னப் பள்ளியில் இடம் கிடைத்தது. நீச்சல் குளம் கிடையாது, ஏசி கிடையாது, எக்ஸ்போஷர் சுத்தமாகக் கிடையாது. தலைமையாசிரியையிடம், என் மகள் இப்போது சரியாகப் பேசுவதில்லை என்றேன். "மொதல்ல வாயத் தொறந்து எதையாவது பேசட்டும்மா. எது சரின்னு அப்பறம் பாக்கலாம்" என்றார். அந்த ஒரு பதிலுக்காகவே சேர்த்தேன்.

ஊரா நகரமா என்று கேட்டவர்களுக்கு என் பதில் இவ்வளவுதான். பிள்ளை பயமில்லாமல் வாய் திறக்கிற வாசல் எது என்று பார்த்தோம். அது எங்கள் கீழ் வீட்டில் இருந்தது. அதனால் தங்கிவிட்டோம்.

தாரிணிக்குப் பேச்சு திரும்ப வந்துவிட்டது. வந்தது மட்டுமா, இப்போது நிறுத்துவதுதான் கஷ்டம். மிஸ்ஸிடம் ஒரு மாதிரி, போனில் அத்தையிடம் ஒரு மாதிரி, தெருப் பிள்ளைகளிடம் ஒரு மாதிரி பேசுகிறாள். ஒன்றுக்கொன்று முட்டிக்கொள்வதில்லை.

தேவகி அக்கா ஹார்டுவேர் கடையிலும் லாரிக்காரரிடமும் பழையபடிதான் பேசுகிறார். தாரிணி பள்ளிப் பையோடு படியேறி வரும்போது மட்டும் ஒரு நொடி நின்று சொல்லைத் தேடுகிறார். பழையபடியே பேசுங்க என்று எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்துவிட்டேன். "ஒண்ணுமில்லம்மா, எனக்கும் பழகிடுச்சு" என்பார்.

போன வாரம்கூட அவளிடம், "ஸ்கூல் எப்படி இருக்கு பாப்பா?" என்று கேட்டார்.

"சோக்கா கீது ஆண்ட்டி!" என்று கத்தினாள் தாரிணி.

தேவகி அக்கா வாய்விட்டுச் சிரித்தார். சிரித்து முடித்து, யாராவது கேட்டார்களா என்று தெருவை ஒருமுறை பார்த்துவிட்டு, குனிந்து அவள் காதருகே மெதுவாகச் சொன்னார்:

"நல்லா இருக்குன்னு சொல்லணும் பாப்பா."